பாரியின் தேரும் குட்டி யானையும்

ஜவ்வாது மலைக்கு வண்டி எதற்கு என்று கேட்கிறவர்கள் நம் இலக்கிய வட்டங்களில் பெருகியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பவர்கள் அல்லர். குறிஞ்சித் திணையைப் பாடமாகப் படித்தவர்கள், பாடமாக நடத்துபவர்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் கழுவிய நீர் பாலாற்றை என்ன செய்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள். சமவெளியைத்தான் கெடுத்துவிட்டோம், மலையாவது மலையாக இருக்கட்டுமே என்பது அவர்களுடைய மனத்தாங்கல். அதில் நமக்கும் பங்குண்டு. ஆனால் அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவை நாம் ஏற்பதற்கில்லை. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் சாமை மூட்டையையும் புளியையும் பேறுகாலப் பெண்ணையும் கீழே இறக்கச் சிறியதொரு சரக்கு வண்டி ஏறுகிற அளவுக்குப் பாதை கேட்டால், அது காட்டழிப்பு. சமவெளிக்காரர் சனிக்கிழமை காலையில் நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டியில் மண்பாதையைக் கிளறிக்கொண்டு ஏறினால், அது இயற்கை ரசனை. இந்தக் கணக்கு எந்த வாய்ப்பாட்டில் வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

இவர்கள் வழக்கமாகத் துணைக்கு அழைப்பது பாரியை. கொடி படரத் தேரையே விட்டுவிட்டு நடந்தான் அல்லவா, அதுவல்லவோ தமிழனின் இயற்கைநெறி என்பார்கள். ஏலகிரிக்கு ஏறும் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயரைச் சூட்டியிருப்பதால், தார்ச்சாலையில் ஏறிக்கொண்டே இந்த வாதத்தைப் பேச வசதியும் இருக்கிறது. தேரை விட்டுவிட்டு நடப்பதற்கு முதலில் ஒரு தேர் வேண்டும். அது மலைநாட்டில் ஓட ஒரு வழியும் வேண்டும். பாரி கொடுத்தது தன் தேரை. பறம்பு நாட்டு ஊர்க்காரர்களின் வண்டியைப் பிடுங்கி அவன் முல்லைக்குக் கொடுக்கவில்லை. அவன் மாண்ட பிறகு அவனுடைய மகளிர் உமணரின் உப்பு வண்டிகள் போவதை எண்ணிக்கொண்டு நின்ற காட்சியைக் கபிலர் பாடியிருக்கிறார். மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ என்று அஞ்சிய உமணர், வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பியதை ஔவை ஓர் உவமையாகவே ஆக்கினாள். அதியமான் மகனைப் பாடிய பாட்டு அது. தகடூர் நமக்கு அயலூர்தான். சங்கப் பாட்டில் சக்கரம் இருக்கிறது, சுமை இருக்கிறது, உடைந்தால் மாற்ற உதிரி அச்சும் இருக்கிறது. ஆளரவமற்ற பசுமை மட்டும்தான் இல்லை.

இன்னும் அருகிலேயே சான்று உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் நம் பக்கத்து மலையைப் பற்றியது. செங்கண்மா என்று அது சொல்வது இன்றைய செங்கம். நவிரம் என்பது பர்வதமலை. அதில் ஓடும் சேயாறு ஜவ்வாதில் பிறந்து வருவது. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் செய்திருப்பது என்ன? நன்னனைக் காணப் போகும் கூத்தர்க்கு வழி சொல்லியிருக்கிறார். எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே தினைப்புனக் காவலர் கவண்கல் வீசுவார்கள், எங்கே பாம்பு கிடக்கும், எந்தப் பாறையில் பாசி வழுக்கும், இருட்டிவிட்டால் எங்கே தங்கலாம், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். வகுப்பில் இதை நடத்தும்போது நாம் பெரும்பாலும் உவமைகளையும் ஒலிகளையும் விளக்கிவிட்டு மணியடித்ததும் போய்விடுகிறோம். அந்தப் பாட்டின் மலை முழுக்க ஆள் நடமாட்டம். வழி ஆபத்தானது, அதனால்தான் வழியறிந்தவரின் சொல் பொன்னாகிறது. அந்த வழியைப் பற்றிப் பேசும் தகுதி மலையில் குடியிருப்பவனுக்கே உண்டு என்று அந்த நூல் எடுத்துக்கொள்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதே மலைத்தொடரின் வழிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அங்கே குடியிருப்பவர் மட்டும் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளை அறிவித்தபோது, அதற்குள் யாருக்கு வழியுரிமை, நீருரிமை உண்டு என்று விசாரிக்க ஓர் அலுவலரையும் அமர்த்தியது. அன்று மலைக்குடிக்கு இருந்தது நடைவழி. வழி என்றால் கால் என்று ஆனது அப்படித்தான். பிறகு வந்த 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் காட்டைக் காப்பாற்ற வந்தவை. அவற்றை நாம் குறை சொல்லவில்லை, அவை இல்லாவிட்டால் இன்று பேசுவதற்குக் காடே மிஞ்சியிருக்காது. ஆனால் சட்டத்தின் கண்ணில் மலைக்காரர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காலால் நடப்பவராகவே நின்றுவிட்டார். அதே காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோல் பதனிடும் கிடங்குகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. சந்தனமரம் திருப்பத்தூர்க் கிடங்கில் வந்து குவிந்தது. காட்டிலிருந்து பொருள் இறங்க வேண்டியிருந்தபோதெல்லாம் சக்கரத்துக்கு வழி கிடைத்திருக்கிறது.

ஏறுவதற்கும் கிடைத்திருக்கிறது. காவலூர் ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. 1960களின் கடைசியில் அங்கே ஒரு சிறு தொலைநோக்கி நிறுவப்பட்டது, 1986இல் 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டு, வேணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. நம் மாவட்டத்தின் பெருமை அது, ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துப் போகிறோம். டன் கணக்கில் இரும்பும் கண்ணாடியும் மலையேற வேண்டும் என்று அரசு நினைத்தபோது ஏறின. விண்மீனைப் பார்க்கப் பாதை போட முடிந்த மலையில், அதே விண்மீன்களின் கீழ் பிள்ளை பெறுபவளுக்குப் பாதை போடுவது சூழலியல் சிக்கலாகிவிடுகிறது.

2023 மே மாத இறுதியில் அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போயிற்று. உடற்கூறு ஆய்வு முடிந்து திரும்புகையில், பாதையில்லை என்று ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, பெற்ற தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். படம் நாளேடுகளில் வந்தது. நாடே பார்த்தது. நாம் அதை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அந்தத் தாயின் துயரம் நம் கட்டுரைக்கு அணி அன்று. அந்த வாரம் கண்ணீர் விட்டவர்களில் பலர், அல்லேரிக்குச் சாலை என்று அறிவிப்பு வந்ததும் வனத்துறை அனுமதி என்ற சொல்லுக்குப் பின்னால் அமைதியாகப் போய் நின்றுகொண்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். வாணியம்பாடிக்கு மேலே நெக்னாமலையில் டோலி கட்டித் தூக்கிய கதை இதைவிடப் பழையது. அரசு வரும்வரை காத்திராமல் ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கிப் பாதை வெட்டியதும் அங்கேதான்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். அதை அவர்கள் சொல்வதைவிடத் தெளிவாக நாமே சொல்லிவிடுகிறோம். 2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். புதூர்நாட்டுப் பக்கத்துப் புலியூரிலிருந்து சேம்பரை மலைக் கோயிலுக்குச் சரக்கு வண்டியொன்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றத்தில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் சிறுமியரும். பார்த்தீர்களா, இதற்குத்தான் சொல்கிறோம், அந்தப் பாதைக்கு வண்டி ஆகாது என்பார்கள்.

பார்த்தோம். பார்த்ததில் நமக்குத் தெரிவது வேறு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம். நல்ல சட்டம். அந்தச் சட்டம் புலியூர்ப் பெண்ணிடம் வேறு எந்த வண்டியில் போகச் சொன்னது? பேருந்து இல்லை, உட்கார்ந்து போகிற சிறு வண்டிக்கு அந்தப் பாதையில் உரிமமும் இல்லை, பள்ளத்தின் ஓரத்தில் தடுப்புச் சுவரும் இல்லை. இத்தனை இல்லாமைகளையும் கூட்டினால் வருவதற்குப் பெயர் விபத்து. நாம் அதிலிருந்து வண்டியை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். வேலூரிலிருந்து ஆற்காட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில் விபத்தே நடப்பதில்லையா? அங்கே வண்டியே வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. மேம்பாலம் கட்டு, நடுவில் தடுப்பு வை என்கிறோம். சமவெளியில் சாவு நிகழ்ந்தால் சாலையைத் திருத்துகிறோம், மலையில் சாவு நிகழ்ந்தால் சாலையை மறுக்கிறோம்.

சேம்பரைக்குப் பிறகு கேட்டிருக்க வேண்டிய கேள்வி: அந்த மலைக்கு ஏற்ற வண்டி எது, அந்த வண்டிக்கு ஏற்ற பாதை எது? இதை நம்மவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. கடல் கடந்து கேட்டிருக்கிறார்கள்; சற்றே விலகிப் போய் அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

போருக்குப் பிந்திய ஜப்பானில், 1949இல், கெய் என்றொரு சிறு வண்டி வகையை அரசே வரையறுத்தது. இத்தனை நீளம், இத்தனை அகலம், இத்தனை சிறிய எந்திரம் என்று எல்லை கட்டி, அந்த எல்லைக்குள் நிற்பதற்கு வரிச்சலுகை கொடுத்தார்கள். காலப்போக்கில் எல்லை சிறிது சிறிதாக விரிந்தது. இப்போது 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி. வயல் வரப்பை ஒட்டிய பாதையிலும் மலைச்சரிவின் தோட்டத்திலும் நுழைந்து வரக்கூடிய குட்டி லாரி அதில் பிறந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும் அதில் சாதாரணமாகக் கிடைக்கும். பாதைக்கு ஏற்ப வண்டியைச் சுருக்கினார்கள், வண்டிக்காக மலையை அகலப்படுத்தவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நம் நெடுஞ்சாலைத் துறை அலுவலகச் சுவர்களில் எழுதி வைத்தால் நாம் மகிழ்வோம்.

இந்தக் குட்டி லாரிகள் பழசான பிறகு அமெரிக்காவுக்குப் போயின. 25 ஆண்டு கடந்த வண்டிக்கு அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்பதால் உழவர்களும் வேட்டைக்காரர்களும் தோட்டக்காரர்களும் வாங்கிக் குவித்தார்கள். அங்கே தொடங்கியது சண்டை. சில மாநிலங்கள் பதிவு செய்ய மறுத்தன, கொடுத்த பதிவைத் திரும்பப் பெற்றன. டெக்சாஸ் 2024இல் மீண்டும் கதவைத் திறந்தது. காட்டுப் பாதைகளில் வேடிக்கை இன்னும் அதிகம். பொழுதுபோக்குக்காகவே அந்நாட்டில் செய்யப்படும் திறந்த வண்டிகள் உண்டு. சில ஒன்றரை மீட்டரையும் தாண்டி அகன்றவை, குதிரைத்திறனில் நம் கார்களையே மிஞ்சுபவை. அவை சாலைக்கு வெளியே ஓடும் வண்டி என்று காகிதத்தில் எழுதப்பட்டிருப்பதால் பாதை திறக்கிறது. 1998க்கு முந்திய ஜப்பான் குட்டி லாரி 1.4 மீட்டர் அகலந்தான், எந்திரமும் சிறிது. ஆனால் அது காகிதத்தில் லாரி, அதிலும் அயல்நாட்டு லாரி. எந்த வகையிலும் அடங்காததால் பல இடங்களில் அதற்குப் பாதை கிடைப்பதில்லை. மண்ணை எது அதிகம் கிளறுகிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. வண்டியின் குலம் கோத்திரம் மட்டும் விசாரிக்கப்படுகிறது. சாதி விசாரிப்பதில் நாம்தான் முன்னோடிகள் என்று எண்ணியிருந்தோம்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 2005இல் டாட்டா நிறுவனம் ஏஸ் என்று ஒரு சின்னஞ்சிறு சரக்கு வண்டியை விட்டது. தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. விளம்பர நிறுவனம் வைத்த பெயரன்று. சந்தையிலும் மண்டியிலும் தானே முளைத்த பெயர். நம் மொழி ஓர் அயல் பொருளை எப்படி உள்வாங்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை. (ஒரு தலைமுறைக்கு முன் மூன்று சக்கரச் சரக்கு வண்டியைத் தந்த ஜெர்மன் நிறுவனத்தின் பெயரான டெம்போவையே பொதுப்பெயராக்கிக்கொண்டதும் இதே மக்கள்தான்.) அன்றைய குட்டி யானையின் அகலம் ஒன்றரை மீட்டர். இரண்டு சிலிண்டர், 702 சிசி. முக்கால் டன் சுமையை ஏற்றிய பிறகும் மொத்த எடை 1,550 கிலோ. மண்பாதை வீரர்கள் விரும்பி வாங்கும் மகிந்திரா தார் வண்டி 1.82 மீட்டர் அகலம். ஒரு மூட்டையும் ஏற்றாமலேயே ஒன்றே முக்கால் டன்னை ஒட்டிய எடை. சாமை மூட்டை ஏற்றிய குட்டி யானை, ஆளில்லாமல் நிற்கும் தாரைவிட இலேசு. எந்தச் சக்கரம் மலையைக் காயப்படுத்தும் என்பதைத் தராசே சொல்லிவிடுகிறது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குட்டி யானைக்குப் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். மழைக்காலத்து மலையேற்றத்துக்கு அது போதாது. ஜப்பான் உழவருக்குக் கிடைக்கும் நான்கு சக்கரம் இழுக்கும் குட்டி லாரி நம் மலை உழவருக்கு இல்லை. நான்கு சக்கரம் இழுக்கும் சிறு வண்டி செய்ய நம் தொழிற்சாலைகளுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். மாருதி 2023இல் ஐந்து கதவு ஜிம்னியைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அதே வண்டி ஹரியானாவிலிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறி, நான்கைந்து நாளில் 50,000 முன்பதிவு குவிந்து, பதிவையே நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. 1970இல் ஜிம்னி பிறந்ததே கெய் வகையின் எல்லைக்குள், கரடுமுரடான வழியில் வேலை செய்யும் வண்டியாகத்தான். நமக்கு அது வந்து சேர்ந்தபோது வார இறுதி விளையாட்டாகிவிட்டது. அந்தத் தொழில்நுட்பம் விற்பனைக்கு வருகிறது, சுமை ஏற்றும் தட்டு மட்டும் அதோடு வருவதில்லை; வாங்குபவன் சுமப்பதற்காக வாங்கவில்லையே.

பொழுதுபோக்கை நாம் வெறுப்பதாக எண்ண வேண்டாம். நடந்து ஏறுபவரோடு நமக்கு வழக்கே இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 உயிர்கள் போன பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணமும் வழிகாட்டியும் வைத்துத் திறந்துவிட்டது. மலைக் கிராமத்து இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைத்திருக்கிறது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. துயரம் நடந்த பிறகும், வேண்டுமென்று நினைத்தால், தடையை ஒழுங்காக மாற்ற அரசுக்குத் தெரியும். சுற்றுலாப் பயணிக்கு ஆறு ஆண்டில் தெரிந்தது, குடியிருப்பவருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

வண்டியில் ஏறும் பொழுதுபோக்குக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அந்தக் கல்லும் குழியுமான பாதையில் உள்ளூர் ஓட்டுநரின் ஜீப்பில்தான் பயணிகள் போகிறார்கள். ஓட்டுபவனுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். கூலியும் ஊரிலேயே தங்குகிறது. மலைபடுகடாத்தின் கூத்தர் இப்படித்தான் போயிருப்பார்கள். ஜவ்வாதில் மண்பாதை ஓட்டம் வேண்டும் என்பவர்கள் தம் வண்டியை ஆலங்காயத்திலோ அணைக்கட்டிலோ நிறுத்திவிட்டு, புதூர்நாட்டுக்காரனின் வண்டியில் காசு கொடுத்து ஏறட்டும். அதற்கு மனமில்லை என்றால் அவர்கள் தேடி வந்தது மலையை அன்று, தம் வண்டியின் வீரத்தை.

சந்தனக் கடத்தலைச் சொல்வார்கள். பாதை வந்தால் கடத்தல் வரும் என்று. ஜவ்வாதின் சந்தனம் பெரும்பகுதி போனது, ஊர்களுக்குப் பாதை இல்லாத காலத்தில். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு ஆள் பிடிக்கும் தரகன் மலைக்கு வருவதற்கு எந்தச் சாலையும் தேவைப்படவில்லை. விளைந்த சாமையைத் தலைச்சுமையாக இறக்கி, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவனிடம்தான் அந்தத் தரகனின் பேச்சு எடுபடும். பாதை வந்திருந்தால் அந்த இருபது பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லுமளவுக்கு நாம் எளிமைப்படுத்தவில்லை. பாதை இல்லாமை அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது போதும்.

ஆனால் இன்னொரு ஐயம் உண்மையானது. பாதை வந்தால் பின்னாலேயே மனை விற்பவர்கள் வருவார்கள், விடுதி வரும், ஜவ்வாது இன்னொரு ஏலகிரியாகும். இதை நாமும் அஞ்சுகிறோம். 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் நிலைநாட்டியது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்பு வர வேண்டியிருந்தது. முன்னெச்சரிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டத்துக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை. இந்த அச்சத்துக்கு விடை பாதையை மறுப்பதில் இல்லை. அது பாதையின் அகலத்தில் இருக்கிறது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர்க் குழாய் என்று 13 வசதிகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்காகக் காட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சாலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. நிபந்தனைகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம்; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது; கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீண்ட படிக்கட்டில் ஏற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின் பட்டா வழங்கல் நீதிமன்றத் தடையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது என்பதால் பலருக்கு இது இருப்பதே தெரியாது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். பெரிய லாரியும் சொகுசுப் பேருந்தும் எதிரெதிரே போகிற 7 மீட்டர்ச் சாலை போட்டால் 1,400 மீட்டரில் ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். மலையின் முட்டியைக்கூட எட்டாது. 3 மீட்டர் அகலம் என்றால் மூன்றேகால் கிலோமீட்டர் போகலாம். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வண்டிக்கு 3 மீட்டர் தாராளம். வழியிலேயே இருக்கிற வெற்றுப் பாறைகளில் ஒதுங்கிக்கொள்ள இடம் விட்டால் எதிர்வண்டிக்கும் வழி கிடைக்கும். பழைய ஒற்றையடிப் பாதையின் தடத்திலேயே போனால் மரமும் அதிகம் விழாது. குட்டி யானைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது அந்தச் சட்டம். மூன்று மீட்டர்ப் பாதையில் மனை விற்பவரின் சிமென்ட் லாரி ஏறாது. விடுதிக்காரரின் பேருந்து ஏறாது. அகலமே காவல்.

இதன்மேல் இரண்டு விதிகள் வேண்டும். ஒன்று, அந்தப் பாதையில் ஓட ஊர்க் குடும்பங்களின் வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் பள்ளிக்கும் நியாயவிலைக் கடைக்கும் பொருள் கொண்டுவரும் வண்டிக்கும் மட்டும் உரிமை. வார இறுதி வீரர்களுக்குக் கம்பி குறுக்கே நிற்கட்டும். மற்றொன்று, ஆள் ஏற்றுவதற்கென்றே இருக்கை வைத்த சிறு வண்டிக்கு அங்கே உரிமம். குட்டி யானையின் உடன்பிறப்பான மேஜிக் 2007இலிருந்தே இருக்கிறது. பெரிய பேருந்து போகாத ஊருக்குச் சிறு வண்டி என்ற கொள்கையை 1997இல் மினி பஸ் திட்டமாக ஏற்ற அரசு, 2025 ஜூனில் அதை விரிவாக்கியும் இருக்கிறது. அந்தக் கொள்கையை மலையடிவாரத்தோடு நிறுத்தாமல் இன்னும் சில வளைவுகள் மேலே ஏற்றினால் போதும். யுகாதியன்று கோயிலுக்குப் போகிற பெண் மூட்டை போல நிற்க வேண்டியிராது.

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளிலிருந்தும் புதூர்நாட்டிலிருந்தும் நம் கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். மலைபடுகடாத்தை நாம் அவர்களுக்குத்தான் நடத்துகிறோம். அவர்களில் ஒருவர் அடுத்த கிராம சபைக்கு எழுதும் தீர்மானத்தில் நம்மிடம் மொழி திருத்தம் கேட்டு வந்தால், ஒற்றுப்பிழையைப் பார்ப்பதற்கு முன் மூன்று செய்திகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: பிரிவு 3(2) என்ற எண், பாதை தொடங்கும் இடமும் முடியும் இடமும், அகலம் 3 மீட்டர்.